நீர் படாத இடம்

அந்தி மஃரிபுத் தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளுச் செய்துகொண்டிருந்தபோதுதான் பஸ்மிலா அதைக் கண்டாள். ஆய்வு அலுவலகமாக வாடகைக்கு எடுத்திருந்த அந்தப் பழைய வீட்டின் பின்புறத்தில், முன்பு குடியிருந்தவர்கள் மீன் கழுவுவதற்காகக் கட்டிய சீமெந்துத் தொட்டிக்கு மேலே ஒரு குழாய் இருந்தது. அதில் எப்போதும் ஒரே நூலாக, இலேசாக உப்புக் கரிக்கும் தண்ணீர் வரும். வலது கையைக் கழுவி முடித்து இடது கையை நீட்டியபோது, முழங்கையிலிருந்து வழிந்து வந்த நீர் முன்கையின் உட்புறத்தில், மணிக்கட்டுக்கு நான்கு விரல் மேலே, இரண்டாகப் பிரிந்தது. பிரிந்து, சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய ஒரு வட்டத்தைச் சுற்றிப்போய், கீழே மறுபடி சேர்ந்து விரல் நுனிகளால் சொட்டியது. வட்டம் காய்ந்து கிடந்தது.

மூன்று முறை ஊற்றினாள். சவர்க்காரம் போட்டுத் தேய்த்து நாலாம் முறையும் ஊற்றினாள். நிறம் மாறவில்லை, தடிப்பில்லை, அரிப்பில்லை. தொட்டால் தன் தோலைத் தொடுவது போலத்தான் இருந்தது. நீர் மட்டும் அங்கே தரிக்க மறுத்தது. காலையில் தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்த் தொழுதாள். மயிரிழை அளவு இடம் காய்ந்திருந்தாலும் ஒளு நிறைவேறாது என்று சின்ன வயதில் குர்ஆன் பள்ளியில் படித்தது மூன்று றக்அத்திலும் அவளோடு எழுந்து, அவளோடு குனிந்தது.

தொழுகை முடிந்ததும் வழக்கம்போல நாட்குறிப்பில் எழுதினாள்.

'நவம்பர் 19, புதன். இடது முன்கை உட்புறம், மணிக்கட்டிலிருந்து நான்கு விரல் மேலே. நீர் ஒட்டவில்லை. நான்கு முறை பார்த்தேன். எண்ணெயா? காலையில் எண்ணெய் வைத்தேனா என்பது நிச்சயமில்லை. நானாக நினைத்துக்கொள்கிறேனா? நாளை மறுபடி பார்க்க வேண்டும்.'

அது வேறு யாருடைய கையில் இருந்த இடம் என்பதை மட்டும் அவள் எழுதவில்லை. அது அவளுக்குத் தெரியும்.

அவள் செய்தது ஊசியோ கத்தியோ இல்லாத வேலை. மருதமுனைப் பக்கத்துச் சாயத் தொட்டிகளில் கைவைக்கும் பெண்களுக்கு வரும் தோல் வியாதியைப் பற்றி டொக்டர் ஜவுபர் நடத்திய ஆய்வில், வீடு வீடாகப் போய் அளவெடுப்பவள் அவள்தான். தோலைத் துளைக்காமல், கீறாமல், ஒரு துளி இரத்தமும் எடுக்காமல் தோலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் அந்த ஆய்வின் பெருமை. அதற்கு இரண்டு கருவிகள். ஒன்று, வெளிச்சம் பொருத்திய ஒரு வில்லை. அதைத் தோலில் ஒட்டிப் பிடித்தால் தோலின் கோடுகளும் குழிகளும் காய்ந்த வயல்போலப் பெரிதாக மடிக்கணினியில் தெரியும். மற்றது ஈரமானி. உயிருள்ள தோல் ஒவ்வொரு கணமும் கண்ணுக்குத் தெரியாத ஆவியை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. அதை எண்ணாகச் சொல்வது அந்தக் கருவி. நல்ல தோல் என்றால் ஏழு, எட்டு. வியாதித் தோல் என்றால் முப்பதும் தாண்டும். கண்ணாடியிலோ மேசையிலோ வைத்தால் பூச்சியம்.

கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு காலையும் அவள் தன் இடது முன்கையில்தான் முதல் அளவை எடுப்பாள். பதினொரு மாதமாக ஏழு, எட்டு, ஏழு, ஏழு என்று அவள் கை பதிவேட்டில் இருந்தது. எல்லாரையும் அளப்பதற்கு முன்னர் தன்னை அளந்துகொள்வது அவளுக்கு ஒரு தைரியத்தைத் தந்தது. மாலை வகுப்பில் புள்ளிவிபரவியல் படிப்பவளுக்கு, தான் எதையும் சரியாகச் செய்வதில்லை என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. அந்த எண் மட்டும் ஒவ்வொரு நாளும் சரியாக வந்தது.

ஆய்வில் சேர்ந்த பெண்களில் 31ஆம் இலக்கத்தின் பெயர் ஆசியா உம்மா. அறுபது வயது இருக்கும். நாற்பது வருடமாக நூலுக்குச் சாயம் ஏற்றியதில் அவளுடைய பத்து நகங்களும் ஓரத்தில் நீலமாகவே இருந்தன. மருதாணி போட்டாலும் அந்த நீலம் மறைவதில்லை என்று அவளே சிரித்துச் சொல்லியிருக்கிறாள். வியாதி இருந்தது இடது முன்கையின் உட்புறத்தில், மணிக்கட்டுக்கு நான்கு விரல் மேலே. அதன் குறுக்காக, தறியில் ஓடும் நாடாக் கட்டை பட்டு ஆறிய வெள்ளைத் தழும்பு ஒன்று. நான்கு தடவை அளந்ததில் முப்பத்தொன்று, இருபத்தெட்டு, முப்பத்துமூன்று, முப்பது.

நான்காம் தடவைக்குப் பிறகு அந்த இடத்தில் ஒரு படலம் ஒட்ட வேண்டியிருந்தது. கண்ணாடி போன்ற மெல்லிய வட்டம். மூடிவைத்தால் தோல் தன் ஈரத்தைப் பிடித்துவைத்துத் தானாக ஆறுகிறதா என்று பார்க்க, முதலில் ஒரேயொருவருக்கு ஒட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார் டொக்டர். அதில் மருந்து எதுவும் இல்லை. பஸ்மிலாவிடம் இருந்த சிறிய போத்தல் திரவத்தைத் தடவினால் தவிர அது கழலாது.

"ஒளுக்கு என்ன செய்யிற புள்ள?" என்றுதான் ஆசியா உம்மா முதலில் கேட்டாள்.

"ஏழு நாள்தான் உம்மா. ஈரக் கையால மேலால தடவிக்கிட்டாக் காணும் எண்டு மௌலவி ஒருத்தர்ட்டக் கேட்டுத்துத்தான் வந்திரிக்கன்."

"ஏழு நாளைக்கிப் பொறகு?"

"வாற திங்கக்கிழம மஃரிபுக்கு முந்தி நானே வந்து கழட்டுவன்."

"நீதான் வரணும். வேற ஆரையும் அனுப்பாத."

"நான்தான் வருவன்."

அந்தத் திங்கட்கிழமை நாலரைக்கு மாலை வகுப்பில் தவணைப் பரீட்சை இருந்தது. அதை அவள் மறந்திருந்தாள். காலையில் நினைவு வந்தபோது மழை கல்முனை வீதியை மூடியிருந்தது. நாளை மறுநாள் போய்க் கழற்றிவிடலாம். ஆனால் படிவத்தில் ஏழாம் நாள் அளவு ஏழாம் நாளிலேயே இருக்க வேண்டும். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, அலுவலகத்தில் தனியாக இருந்து, பஸ்மிலா தன் இடது முன்கையை அளந்தாள். முறைப்படி மூன்று தடவை. சராசரி ஏழு தசம் ஆறு. படத்தில் வட்டத்தின் அடையாளம் தெரிய வேண்டுமே என்று ஒரு படலத்தைத் தன் கையில் ஒட்டிப் பத்து நிமிடம் வைத்திருந்து, திரவம் தடவிக் கழற்றி, வில்லையை வைத்துப் படம் எடுத்தாள். தோலின் கோடுகளை முன்னைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள், பொருத்தம் நூற்றுக்குப் பன்னிரண்டு, ஏற்றுக்கொள்வதா என்று கேட்டது. ஏற்றுக்கொள் என்பதை அழுத்தினாள். கழற்றிய படலத்தை 31 என்று எழுதிய உறையில் போட்டாள். பரீட்சைக்குப் போனாள். ஐந்தில் நான்கு கேள்விக்குச் சரியாக விடை எழுதினாள்.

புதன்கிழமை திரவப் போத்தலோடு ஆசியா உம்மாவின் ஒழுங்கைக்குப் போனபோது, அந்த வீட்டு வேலியோரம் வாடகைக் கதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. செவ்வாய் விடியல் சுபஹுக்கு மவுத்து, அன்று பின்னேரம் அசரோடு அடக்கம் என்று கடைக்காரர் சொன்னார். பஸ்மிலா உள்ளே போகவில்லை. படிவத்தில், விலகிய காரணம் என்ற இடத்தில், இறப்பு, நவம்பர் 11 என்று மட்டும் எழுதினாள். அந்தப் புதனுக்குச் சரியாக ஒரு கிழமைக்குப் பிறகுதான் அவளுடைய கையில் நீர் பிரிந்தது.

வியாழக்கிழமை காலை ஈரமானியைக் கையில் வைத்தாள். நான்கு.

கருவியை அணைத்து மறுபடி போட்டாள். நான்கு. இரண்டு விரல் தள்ளி வைத்தாள், ஏழு. வலது கையில், எட்டு. அந்த வட்டத்துக்குள் மட்டும் நான்கு. அறையில் ஈரச் சுவரின் மணமும், மழைக்காலத்தில் கதவிடுக்கால் வரும் கடலின் மணமும் இருந்தன. அவற்றுக்குக் கீழே வேறொன்று, கொதிக்கும் நூலின், அவித்த சாயத்தின் நெடி, யாரோ பக்கத்து அறையில் அண்டாவைத் திறந்துவிட்டு உடனே மூடியதுபோல ஒருமுறை வந்து போனது.

அப்போதுதான் அவளுக்கு ஆறுதலான ஒரு விளக்கம் தோன்றியது. படலத்தை அவள் கழற்றவேயில்லை. அவசரத்தில், மழையில், பரீட்சைப் பதற்றத்தில் கழற்றியதாக நினைத்துக்கொண்டு போய்விட்டாள். அது பத்து நாளாகக் கையிலேயே இருக்கிறது. அவ்வளவுதான். தன்னைப் போன்ற ஒருத்தி செய்யக்கூடிய பிழைதான் அது. நாட்குறிப்பைப் புரட்டினாள். 'கழற்றினேன். உறையில் போட்டேன்.' இரண்டுக்கும் பக்கத்தில் சரியடையாளம். அலுமாரியிலிருந்து 31 என்ற உறையை எடுத்துத் திறந்தாள். உறை வெறுமையாக இருந்தது. சிரிப்பே வந்துவிட்டது அவளுக்கு.

பஞ்சைத் திரவத்தில் தோய்த்து வட்டத்தைத் தடவினாள். விளிம்பு எழும்புவதற்காகக் காத்திருந்தாள். நகத்தால் தேடினாள். சன்னலடியில் கையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

விளிம்பே இல்லை.

தேடிக்கொண்டிருந்தபோது முன்கதவு திறந்தது. டொக்டர் ஜவுபர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நல்ல மனிதர், அவளுக்குப் பரீட்சை இருக்கிறது என்று தெரிந்திருந்தால் தானே போய் அளவெடுத்திருப்பார்.

"பஸ்மிலா, 31ட கடைசி அளவப் பாத்தன். முப்பதுல இருந்து ஏழரை. ஏழு நாளில. பாவம், அவ இரிந்து இதக் கேக்கக் குடுத்து வைக்கல்ல."

"சேர்..."

"சனிக்கிழம இருபது பேரக் கூப்பிட்டிரிக்கன். இந்த முற பதினாலு நாள் ஒட்டி வைப்பம். அம்பாறையில இரிந்து படலப் பெட்டி வந்திட்டு." மேசையில் ஒரு மட்டைப் பெட்டியை வைத்தார். "நீங்க ஒட்டினாத்தான் ஒழுங்கா இரிக்கும். உங்கட கைராசி."

"சேர், அந்த அளவு..."

"என்ன?"

பெட்டியின் மேல் மழைத்துளிகள் உருண்டு நின்றன. இருபது பேர். இருபது கைகள். சொல்ல வேண்டிய வாக்கியம் அவளுடைய வாய்க்குள் முழுதாக வந்து நின்றது.

"மூன்று தடவை எடுத்த சராசரி சேர்" என்றாள்.

"தெரியும். நீங்க அப்படித்தானே" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அன்று பின்னேரம் அவள் தனியாக இருந்து பதிவேட்டை ஒழுங்குபடுத்தியபோது ஒரு சத்தம் கேட்டது. மிகச் சிறியது. புடவைத் துணியின் மடிப்பில் நகம் படுவது போல. நிறுத்தினால் நின்றது, எழுதத் தொடங்கினால் தொடங்கியது. எலி என்று மேசைக்குக் கீழே பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். பிறகு, எழுதுவதற்காக இடது முன்கையை மேசையில் ஊன்றும்போதுதான் சத்தம் மேசைப் பலகை வழியாகக் காதுக்கு வருகிறது என்பதைக் கண்டுபிடித்தாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாட்குறிப்பில், 'எலி' என்று எழுதி, அதை வெட்டி, மறுபடி 'எலி' என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை காலை, ஒன்று.

ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பிய பிறகு அவள் ஆசியா உம்மாவின் வீட்டுக்குப் போனாள். மழை விட்டிருந்தது. ஒழுங்கையில் தறிச் சத்தம் இல்லை. மணலில் தேங்கிய நீரில் சாயக் கழிவின் ஊதா ஒரு கோடாக மிதந்தது. மகள் ஜெனூபா, கையில் சோற்றுப் பருக்கையோடு எட்டிப் பார்த்தாள்.

"ஆரது?"

"நான்தான் ராத்தா. பஸ்மிலா."

"ஓ, கெமராப் புள்ளயா. உள்ளுக்கு வா. இனி என்னத்தப் பாக்கப் போறாய், காட்டுறதுக்கு ஆள் இல்லியே."

"மவுத்துக்கு வரக் கிடைக்கல்ல ராத்தா. அதுதான்."

"இரி. அந்தக் கதிரையில வேணாம். இஞ்சால இரி."

சன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் கதிரை வாசலைப் பார்த்தபடி இருந்தது. பஸ்மிலா பாயில் உட்கார்ந்தாள். ஜெனூபா கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே குந்தினாள்.

"அந்தத் திங்கக்கிழம உம்மா அசருக்குப் பொறகு நல்ல சாரியொண்டு உடுத்துத்து அதுலதான் குந்தி இரிந்தா. புள்ள வாறண்டு சொன்ன, வரும் எண்டு. பொண்ணு பாக்க வாற மாதிரியெல்லோ இரிக்கிறாய் எண்டு நான் பகிடி பண்ணின. சிரிச்சா. மஃரிபு பாங்கு சொல்லியும் எழும்பல்ல. பொறகு அவட நகத்தாலயே சுரண்டிப் பாத்தா. வரல்ல. சரி, நாளைக்கி வரும் எண்டா."

பஸ்மிலா சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள்.

"அடுத்த நாள் சுபஹுக்கு எழும்பவே இல்ல."

வெளியே ஒரு முச்சக்கர வண்டி போனது. அது போய் முடியும்வரை ஜெனூபா காத்திருந்தாள்.

"மையித்தக் குளிப்பாட்டுற நேரம் முஸ்பிறா மாமிதான் கண்ட. தண்ணி ஊத்த ஊத்த அந்த இடத்தில மட்டும் நிக்குதில்ல. நகத்தால விளிம்பத் தேடித் தேடி, மெல்லமா இழுத்துப் பாத்தா. தோலும் கூட வருமாப் போல கிடந்த. மையித்துக்கு நோவும், விடுங்க எண்டுட்டா. அப்படியே கபன் துணி சுத்தின." அவள் தன் முன்கையைத் தடவிக்கொண்டாள். "நீ வந்திருந்தாக் கழட்டியிரிக்கலாம்தானே புள்ள."

"நான் வந்தன் ராத்தா." தன் குரல் தனக்கே தெளிவாகக் கேட்டது. "கேற் பூட்டிக் கிடந்த."

ஜெனூபா அவளைப் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை.

"எங்கட கேற்றுக்குப் பூட்டு இல்ல."

பாயின் கோரைகளை பஸ்மிலா எண்ணத் தொடங்கினாள்.

"அத விடு" என்றாள் ஜெனூபா. "எனக்கு ஒண்டுதான் தெரியணும். மௌலவிட்டக் கேட்ட. மருந்துக் கட்டு எண்டா மேலால தண்ணி பட்டாலும் பறவாயில்ல, அல்லாஹ் பொருந்திக் கொள்ளுவான் எண்டாரு. மருந்தா எண்டு விசாரிக்கச் சொன்னாரு. நீதானே ஒட்டின. அது மருந்தா?"

அது மருந்தல்ல. பார்ப்பதற்காக ஒட்டியது.

"ஓம் ராத்தா" என்றாள் பஸ்மிலா. "மருந்துதான்."

ஜெனூபாவின் தோள்கள் இறங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். "தேத்தண்ணி குடிச்சித்துப் போ."

சட்டைக் கைக்குள், அந்த வட்டத்தில், ஏதோ ஒருமுறை இழுபட்டது.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது ஐந்தரை மணி. டொக்டரின் மட்டைப் பெட்டி மேசையில் இருந்தது. பஸ்மிலா அதைத் திறக்கவில்லை. இந்த இருபது பேருக்கும் நாளைக் காலை எட்டரைக்கு ஒட்டிவிட்டால், பதினாலு நாளுக்குள் அவர்களில் யாருக்கு என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும். யார் யாருடைய கையில் நீர் படாமல் போகும். எத்தனை வீட்டில் ஒரு கதிரை வாசலைப் பார்த்தபடி கிடக்கும். அவள் அதைச் செய்ய மாட்டாள். வேலை போகட்டும். மாலை வகுப்பில் எல்லாருக்கும் தெரியவரட்டும். நின்றபடியே போனை எடுத்து, ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதினாள்.

'சேர், 31க்கு நான் ஐந்தாம் தடவை போகவில்லை. அந்த அளவும் படமும் என் கையில் எடுத்தவை. அவ குணமாகவில்லை. நாளைக்கு ஒட்ட வேண்டாம். ஜெனூபா ராத்தாவிடமும் நானே சொல்கிறேன். மன்னியுங்கள்.'

அனுப்பினாள்.

அனுப்பியதும் மார்புக்குள் இருந்து ஏதோ இறங்கியது. பத்து நாளில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போனது. பின்புறத்துக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். நூலாக வந்த நீருக்குக் கீழே இடது கையை நீட்டினாள். இப்போது ஒட்டும் என்று நினைத்தாள். ஒட்ட வேண்டும்.

நீர் பிரிந்தது.

வட்டம் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

உள்ளே போன் ஒலித்தது. குழாயை இறுக மூடிவிட்டு ஓடினாள். டொக்டரின் பதில்.

'என்ன பஸ்மிலா இது? களைச்சிப் போயிட்டீங்கபோல. 31ட ஐஞ்சு படத்தையும் நேத்தே ஒப்பிட்டுப் பாத்தன். பொருத்தம் 98. தழும்பு கூட அதே இடத்தில இரிக்கி. ரெஸ்ற் எடுங்க. நாளைக்கி எட்டரை.'

அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு மடிக்கணினியைத் திறந்தாள்.

31. தடவை ஐந்து. திகதி நவம்பர் 10. பிற்பகல் 3.12. பொருத்தம் 98.

படம் மெல்ல விரிந்தது. அவளுடைய கையில் அவளே எடுத்த படம். வெளிறிய, சீரான, இளம் தோலின் கோடுகள் இருந்த படம். இப்போது கோடுகளின் அடியில் நீலம் தேங்கி நின்றது. குறுக்காக ஒரு வெள்ளைத் தழும்பு.

கீழே இன்னொரு வரி. தடவை ஆறு. திகதி நவம்பர் 11. அதற்குக் கீழே ஏழு. எட்டு. ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று. அவள் எடுக்காத படங்கள். கடைசி வரியின் திகதி இன்று. அதற்குப் பக்கத்தில் படம் இல்லை. எடுக்கவும், என்று மட்டும் இருந்தது.

சட்டைக் கையை மடக்கினாள். ஈரமானியை வைத்தாள்.

பூச்சியம்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. சுவரின் ஈர மணம் போய்விட்டது. அவித்த சாயத்தின் நெடி மட்டும், அறை நிறைய. அதோடு ஈர மணல். உம்மாவை அடக்கிய மையவாடியில் கிளறிய கடற்கரை மணல்.

பின்புறத்தில் தண்ணீர் விழும் சத்தம். குழாயை அவள் மூடியிருந்தாள். இறுக மூடியிருந்தாள்.

வில்லையை எடுத்தாள். வேண்டாம் என்று நினைத்தாள். கை வைத்துவிட்டது.

திரையில் வெளிச்சம். மங்கல். பிறகு தெளிவு.

தோல். கோடுகள். நீலம். தழும்பு. இது அவளுடைய கை. வெளியே பார்த்தால் அவளுடைய கை. திரையில் பார்த்தால் வேறு.

வட்டம் தெரிந்தது. வெளியிலிருந்து எவ்வளவு தேடியும் கிடைக்காத விளிம்பு, திரையில், மெல்லிய வெள்ளி வளையமாக.

அதற்கடியில் ஏதோ அசைந்தது.

நரம்பு என்று நினைத்தாள். நாடித் துடிப்பு. அது ஒரே இடத்தில் துடிக்கும். இது நகர்ந்தது. வளையத்தை ஒட்டி. சுற்றி. நிதானமாக. கொஞ்சம் போய் நின்றது. தட்டிப் பார்த்தது. மறுபடி நகர்ந்தது.

அந்தச் சிறிய சத்தம். துணி மடிப்பில் படுவது போல.

வில்லையை எடுக்க வேண்டும். விரல்கள் அசையவில்லை.

பாங்கு தொடங்கியது. பள்ளிவாசலில் இருந்து காற்றில் உடைந்து, உடைந்து வந்தது.

மஃரிப்.

தோல் மெல்லியதாகி, கண்ணாடியாகி, அடியில் இருந்தது கிட்ட வந்தது. வளைவான ஒரு விளிம்பு. நகம். அதன் ஓரம் நீலம். கோபமில்லாமல், அவசரமில்லாமல், யாருக்கும் நோகக்கூடாது என்பது போல, மெல்ல மெல்லத் தேடிக்கொண்டு வந்த அந்த நகம் வளையத்தில் ஒரு இடத்தில் நின்றது. அழுத்தியது.

விளிம்பு அகப்பட்டுவிட்டது.

படலத்தின் ஓரம் எழும்பியது, உட்பக்கத்திலிருந்து.